ராஜா கண் மூடும்போது சாவி யார் கையில்? ரெய்னீராவும் மட்டில்டாவும்

கணக்குப்பிள்ளை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் படைத்த கற்பனை நாடான வெஸ்டெரோஸில், விசெரிஸ் ராஜாவின் மகள் ரெய்னீராவுக்கும் தம்பி ஏகானுக்கும் நடந்த அரியணைப் போரான ‘டிராகன்களின் நடனம்’ எப்படி முடிகிறது என்பது இந்த இழையில் முழுக்க வந்துவிடும். ‘ஹவுஸ் ஆஃப் தி டிராகன்’ தொடரை மட்டும் பார்த்துவருபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் வங்கியில் வேலை பார்க்கிறேன். இறந்துபோனவர்களின் கணக்கை முடித்துக் கொடுப்பது என் மேசைக்குத்தான் வரும். சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் வந்தார். அப்பாவின் கணக்குக்கு அவர்தான் நாமினி. அப்பா போனபோது அவர் பிரசவத்துக்காக வேறு ஊரில் இருந்தார். கைக்குழந்தையோடு ஊர் திரும்பியபோது பீரோ சாவி சித்தப்பா இடுப்பில் இருந்தது. பாஸ்புக், பத்திரம், அம்மாவின் நகை எல்லாம் அந்தப் பீரோவுக்குள். காகிதத்தில் எல்லாம் அவர் பெயருக்குத்தான் இருந்தது. அவர் எதிரே உட்கார்ந்து படிவத்தை நிரப்பும்போது எனக்கு ரெய்னீரா ஞாபகம்தான் வந்தது.

விசெரிஸ் மகளை வாரிசாக அறிவித்து, பிரபுக்களை வரிசையாக மண்டியிட வைத்து சத்தியம் வாங்கியது வெஸ்டெரோஸ் கணக்கில் 105ஆம் ஆண்டில். இறந்தது 129இல். நடுவே 24 வருடம். அந்தச் சத்தியம் செத்துப்போகச் சில நாட்களே போதுமாக இருந்தன. ராஜா இறந்த செய்தியை அரண்மனைக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொண்டு, ரெய்னீராவின் சித்தி அலிசென்டின் ஆட்கள் அவள் மகன் ஏகானுக்கு முடிசூட்ட எல்லா ஏற்பாடும் செய்துவிட்டார்கள். அந்த இரவு முதலில் செத்தது யார் என்று பாருங்கள். பொருளாளர் லைமன் பீஸ்பரி. ‘சத்தியம் செய்திருக்கிறோமே’ என்று அந்த அறையில் வாய் திறந்த கிழவர் அவர் ஒருவர்தான். அவர் இடத்துக்கு வந்த டைலண்ட் லானிஸ்டர் செய்த முதல் காரியம், கஜானாவை நாலாகப் பிரித்தது. ஒரு பங்கு தன் குடும்பக் கோட்டையான காஸ்டர்லி ராக்குக்கு, ஒன்று ஓல்ட்டவுனுக்கு, ஒன்று பிராவோஸின் இரும்பு வங்கிக்கு. மிச்சம் கையூட்டுக்கும் கூலிப்படைக்கும்.

ரெய்னீரா அப்போது எங்கே? கடலுக்கு அப்பால் டிராகன்ஸ்டோனில், பிரசவ வலியில்.

நம் ஆட்கள் இந்தப் போரைப் பற்றிப் பேசினால் எந்த டிராகன் பெரிது, யார் யாரை வானத்தில் வீழ்த்தினார்கள் என்றுதான் பேசுகிறோம். என் கட்சி வேறு. ராஜா கண் மூடும் நேரத்தில் கஜானா சாவிக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்களோ, அவர்களுக்கே பாதி ராஜ்யம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இது கதைக்காகச் செய்த கற்பனை இல்லை. இதற்கு மூலமான இங்கிலாந்துச் சரித்திரத்திலும் அச்சு அசலாக இதேதான் நடந்தது.


புதுவரவு:

அண்ணா, மூலமான சரித்திரம் என்றால் எது? ரோஜாப் போர்களா? ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையின் ஸ்டார்க் - லானிஸ்டர் சண்டை யார்க் - லங்காஸ்டர் சண்டையிலிருந்து வந்தது என்று மட்டும் கேள்விப்பட்டிருக்கிறேன்.


கணக்குப்பிள்ளை:

அது பிந்தைய கதைக்கு, தம்பி. அது 15ஆம் நூற்றாண்டு. டிராகன்களின் நடனத்துக்கு அதற்கும் 300 வருடம் முன்னால் போக வேண்டும். ‘அராஜகம்’ என்றே சரித்திரக்காரர்கள் பெயர் வைத்த காலம், 1135 முதல் 1153 வரை.

1120 நவம்பர் 25ஆம் தேதி இரவு, நார்மண்டியின் பார்ஃப்ளர் துறையிலிருந்து ‘வெள்ளைக் கப்பல்’ கிளம்புகிறது. உள்ளே முதலாம் ஹென்றி ராஜாவின் ஒரே சட்டபூர்வ மகன் வில்லியம், 17 வயது. கூடவே ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிரபு வீட்டுப் பிள்ளைகள். மாலுமிகள் உட்பட எல்லோரும் குடி. துறையைத் தாண்டியதுமே பாறையில் மோதிக் கப்பல் கவிழ்ந்தது. உயிரோடு கரை சேர்ந்தது ரூவான் நகரத்துக் கசாப்புக்காரர் ஒருவர்தான் என்கிறார்கள்.

அந்தக் கப்பலில் ஏறிவிட்டுப் புறப்படும் முன்பே இறங்கிப்போன ஒருவர் உண்டு. ராஜாவின் சகோதரி மகன் ஸ்டீபன். வயிற்றுப்போக்கு என்று இறங்கினாராம்.

ஹென்றிக்கு மிஞ்சியது மகள் மட்டில்டா. ஜெர்மானியப் பேரரசர் ஐந்தாம் ஹென்றியின் மனைவி, 1125இல் விதவை. ராஜா அவளை வரவழைத்து, 1127 தொடக்கத்தில் பிரபுக்களையும் பிஷப்புகளையும் கூட்டி, மகளே வாரிசு என்று சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்தவர்களில் ஸ்டீபனும் உண்டு.

1135 டிசம்பர் 1. ஹென்றி நார்மண்டியில் இறக்கிறார். மட்டில்டா இரண்டாம் கணவன் ஜெஃப்ரியின் வீட்டுப் பக்கம், பிரான்ஸின் அஞ்சூவில், வயிற்றில் மூன்றாவது பிள்ளையோடு. ஸ்டீபன் பூலோன் துறையிலிருந்து நேராகக் கடல் தாண்டி லண்டன் போனார். அங்கிருந்து வின்செஸ்டர். அரச கஜானா இருந்தது அங்கேதான். அந்த ஊர் பிஷப் யார்? ஸ்டீபனின் கூடப்பிறந்த தம்பி ஹென்றி. கதவு திறந்தது. ராஜா விட்டுப்போனது ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டு என்று அக்காலத்துத் துறவி ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சாகும் நேரத்தில் ராஜா மனம் மாறி ஸ்டீபனைச் சொன்னார் என்று சத்தியம் செய்யவும் ஆள் கிடைத்தார், ஹ்யூ பைகாட் என்ற பிரபு. டிசம்பர் 22இல் முடிசூட்டு முடிந்துவிட்டது. ராஜா இறந்து மூன்று வாரம்!

ஒருத்தி டிராகன்ஸ்டோனில் பிரசவத்தில், ஒருத்தி அஞ்சூவில் கர்ப்பத்தில். இதற்குமேல் நான் என்ன சொல்ல.


வடகரை:

கஜானா முக்கியம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டையை விட்டுவிட்டீர்கள். அராஜகக் காலம் 18 வருடம் இழுத்ததற்குக் காரணம் கோட்டைகள். திறந்தவெளியில் படையோடு படை மோதிய பெரும் போர் என்று எடுத்தால் இரண்டுதான் தேறும். 1138 ஆகஸ்ட்டில் நார்தலர்ட்டன் அருகே ஸ்காட்லாந்து ராஜா டேவிட் தோற்ற ‘கொடிமரப் போர்’, 1141 பிப்ரவரியில் லிங்கன் போர். மற்றதெல்லாம் முற்றுகை, அறுவடையைக் கொளுத்துவது, மறுபடி முற்றுகை.

அன்றைய முற்றுகை எப்படி என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே 50 பேர், ஒரு கிணறு, பஞ்சம் தாங்கும் அளவு தானியம் இருந்தால் வெளியே ஆயிரம் பேர் மாதக்கணக்கில் சேற்றில் கிடக்க வேண்டும். சோறு வெளியே இருப்பவனுக்கும் வேண்டும். சுற்றியுள்ள பத்து கிராமத்தைத் தின்று தீர்த்த பிறகு அவன் பாடு உள்ளே இருப்பவனைவிட மோசம். அப்போது ராஜா அனுமதி இல்லாமலே ஒவ்வொரு பிரபுவும் மண் மேடு குவித்து மேலே மரக்கோட்டை கட்டிக்கொண்டான். சுற்றுவட்டாரக் குடியானவனைப் பிடித்துப்போய் அந்த வேலைக்கு விட்டான். கோட்டை எழும்பியதும் அதே குடியானவனை உள்ளே அடைத்து, இருப்பதைக் கக்க வைத்தான். பீட்டர்பரோ மடத்துத் துறவிகள் இதை அழுதுகொண்டே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், படித்தால் தூக்கம் வராது.

கற்பனை உலகத்தில் டிராகன் வந்ததும் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. டிராகன் நெருப்பில் ஹாரன்ஹால் கோட்டையின் கல் உருகியது ஞாபகம் இருக்கும். கோட்டைக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. அதனால்தான் நிஜத்தில் 18 வருடம் ஆனது அங்கே இரண்டு வருடத்தில் முடிந்தது என்று நினைக்கிறேன்.


கணக்குப்பிள்ளை:

வடகரை, அந்த இரண்டு வருடத்தில் தலைநகர் கிங்ஸ் லேண்டிங் எப்படி விழுந்தது? ரெய்னீரா வானத்தில் வந்து இறங்கினாள், நகரக் காவல்படை உள்ளேயிருந்து கதவைத் திறந்தது. டிராகன் ஊரைப் பிடித்துக் கொடுத்தது, சரி. அப்புறம் கஜானா அறையைத் திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. டைலண்டைச் சித்திரவதை செய்தார்கள், கண்ணைப் பிடுங்கினார்கள். பணம் எங்கே என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. படைக்கு சம்பளம் வேண்டும், நகரத்துக்குச் சோறு வேண்டும். புதுப் பொருளாளர் மதுவுக்கு வரியை ஏற்றினார், துறைமுகக் கட்டணத்தை ஏற்றினார், கடைக்காரர்களிடமும் கை வைத்தார். அரை வருடத்துக்குள் ஊரே திரண்டு, டிராகன்களை அடைத்து வைத்திருந்த டிராகன் குழிக்குள் புகுந்து டிராகன்களையே அடித்துக் கொன்றது. டிராகன் பெரிய ஆயுதம்தான். ஆனால் அது சம்பளம் கொடுக்காது.

மட்டில்டாவும் இதே குழியில் விழுந்தாள். லிங்கன் போரில் ஸ்டீபன் பிடிபட்டு பிரிஸ்டலில் சிறை. ஸ்டீபனின் தம்பி பிஷப்பே கட்சி மாறி வின்செஸ்டர் கஜானாவைத் திறந்துவிட்டார். உள்ளே கிரீடம் இருந்தது. பணம் சொற்பம். ஒரு லட்சத்தை ஸ்டீபன் ஆறு வருடத்தில் ஃப்ளாண்டர்ஸ் கூலிப்படைக்கும் பிரபுக்களுக்கும் கொட்டிக் கரைத்திருந்தார். முடிசூட்டிக்கொள்ள லண்டன் வந்த மட்டில்டா நகரத்தாரிடம் பெரும் தொகை கேட்டாள். ‘கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துவிட்டோம், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்’ என்றார்கள். முடியாது என்றாள். 1141 ஜூன் 24. வெஸ்ட்மின்ஸ்டரில் இலை போட்டாயிற்று, சாப்பிட உட்காரும் நேரம். நகரத்தின் கோயில் மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கத் தொடங்கின. வாசல்களிலிருந்து ஆயுதத்தோடு ஜனம் கொட்டியது. சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் குதிரையேறினாள். வெஸ்ட்மின்ஸ்டரில் அவளுக்கு முடிசூட்டு நடக்கவே இல்லை. ‘ஆங்கிலேயரின் பெருமாட்டி’ என்ற பட்டத்தோடு நின்றது.


நள்ளிரவு வாசகி:

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்தேன். கஜானா, கோட்டை, டிராகன் எல்லாம் வந்துவிட்டது. அவள் பெண் என்பது மட்டும் இன்னும் வரவில்லை.

லண்டனில் அவள் கேட்ட பணத்தைப் பற்றி எழுதிய அத்தனை பேரும், எழுந்து நின்று வணங்கவில்லை, முகத்தைச் சுளித்தாள், கர்வம் பிடித்தவள் என்றுதான் எழுதினார்கள். அவள் அப்பா முதலாம் ஹென்றி வரி வசூலித்த விதம் என்ன? கள்ள நாணயம் அடித்தார்கள் என்று நாணயச்சாலைக்காரர்களைக் கூப்பிட்டு வலது கையை வெட்டியவர். அவருக்கு ‘நீதியின் சிங்கம்’ என்று பெயர். மகள் அவகாசம் மறுத்தால் கர்வம்.

இன்னொன்றும் பாருங்கள். அதே ஜூன் மாதம் தேம்ஸின் தென்கரையில் ஒரு படை ஊர் ஊராகக் கொளுத்திக்கொண்டு லண்டனை மிரட்டியது. நடத்தியவள் ஸ்டீபனின் மனைவி, அவள் பெயரும் மட்டில்டா. அவள் செய்ததும் போர்தான், கொளுத்தல்தான். ஆனால் அடைபட்ட புருஷனுக்காகச் செய்ததால் அவளுக்கு எல்லா ஏட்டிலும் நல்ல பெயர். லண்டன்காரர்கள் மணியடித்ததற்கு வரி பாதிக் காரணம் என்றால், எதிர்க்கரையில் எரிந்த நெருப்பு மறுபாதி. கணக்குப்பிள்ளை அதை விட்டுவிட்டார்.

வெஸ்டெரோஸிலும் 101ஆம் ஆண்டு ஹாரன்ஹாலில் கூடிய பெருஞ்சபை என்ன முடிவு செய்தது? மகள் வழி வேண்டாம் என்று பிரபுக்கள் ஒரேயடியாகச் சாய்ந்தார்கள். அந்த முடிவால் ராஜா ஆனவர்தான் விசெரிஸ். தன்னை ஏற்றிய ஏணியைத் தானே மிதித்துவிட்டு மகளுக்குச் சத்தியம் வாங்கினார். சாவி அவள் கையிலேயே இருந்திருந்தாலும் கதவைப் பிடித்து நிறுத்த ஆள் இருந்திருப்பார்கள்.


கணக்குப்பிள்ளை:

தென்கரைப் படையை விட்டது என் தவறுதான். ஏற்கிறேன்.

ஆனால் பெண் என்பதால் முடியவே முடியாது என்றால், அதே காலத்தில் ஸ்பெயினின் லியோன் ராஜ்யத்தில் உர்ராகா 1109 முதல் 1126 வரை தன் உரிமையில் ஆண்டாளே? ஜெருசலேமில் மெலிசெண்ட் 1131இல் முடிசூடினாளே? மெலிசெண்டின் கணவர் ஃபல்க் வேறு யாரும் இல்லை, மட்டில்டாவின் மாமனார்! ஒரே குடும்பத்தில் ஒரு பெண்ணுக்கு முடிந்தது இன்னொருத்திக்கு ஏன் முடியவில்லை? மெலிசெண்ட் அப்பா சாகும்போது பக்கத்திலேயே இருந்தாள். உர்ராகாவும் அப்படித்தான். மட்டில்டா அந்த நேரத்தில் அப்பாவோடு சண்டையில் இருந்தாள். சீதனமாகச் சொன்ன எல்லைக் கோட்டைகளைக் கொடு என்று அவளும் கணவன் ஜெஃப்ரியும் கேட்க, ஹென்றி கொடுக்கவில்லை. 1135 முழுவதும் மனஸ்தாபம்.


நள்ளிரவு வாசகி:

அதைத்தான் நானும் சொல்கிறேன். ‘மகள்தான் வாரிசு’ என்று ஊரைக் கூட்டி அறிவித்த அப்பா, உயிரோடு இருக்கும்வரை ஒரு கோட்டையைக்கூட அவள் கையில் கொடுக்கவில்லை. மகனாக இருந்தால் கொடுத்திருப்பார். பிரான்ஸில் கப்பே வம்சத்து ராஜாக்கள் 987இலிருந்தே, தாங்கள் உயிரோடு இருக்கும்போதே மகனுக்கு முடிசூட்டிவிடும் வழக்கம் வைத்திருந்தார்கள். அப்படிச் செய்திருந்தால் சத்தியம் மீறுகிறவன் முடிசூடிய ராணியை எதிர்க்கிறான் என்றாகும். ஹென்றி செய்யவில்லை, விசெரிஸும் செய்யவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் பெண்ணின் அப்பாவும் நாமினி படிவத்தில் கையெழுத்துப் போட்டாரே தவிர, பீரோ சாவிக்கு நகல் எடுத்து மகளிடம் கொடுக்கவில்லை, இல்லையா?


கணக்குப்பிள்ளை:

இல்லை. கொடுக்கவில்லை.


பழைய நாணயம்:

நான் நாணயம் சேர்ப்பவன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

முதலாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்து முழுக்க ஒரே வெள்ளிக் காசு, ராஜா பெயரில். ஸ்டீபன் காலத்துக் காசுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாடு உடைந்தது கண்ணுக்கே தெரியும். மேற்கே பிரிஸ்டலில் மட்டில்டா பெயரில் அடித்தார்கள். வடக்கே கார்லைலில் ஸ்காட்லாந்தின் டேவிட் தன் பெயரில் அடித்தார். சில பிரபுக்கள் தங்கள் பெயரையே போட்டுக்கொண்டார்கள். சில காசுகளில் ராஜா முகத்தின் மேலேயே அச்சில் கோடு கீறியிருக்கும். நகத்தளவு வெள்ளி, ஓரம் சரியாக வெட்டுப்படாமல், எழுத்தில் பாதி வெளியே போய்விட்டிருக்கும். யாருடைய ஆட்சி எதுவரை என்று ஓலையில் எழுதி வைக்காததை அந்தக் காசு சொல்லும்.

கற்பனை உலகம் படைப்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். ஐந்து ராஜா சண்டை போட்டாலும் நாடு முழுக்க ஒரே தங்கக் காசு புழங்குகிறது. நிஜத்தில் ஒரு ஊர்க் காசை அடுத்த ஊர்க்காரன் எடையில் போட்டுத்தான் வாங்குவான்.

ஸ்டீபன் தானே தன் கஜானாவை உடைத்த கதையும் உண்டு. சால்ஸ்பரி பிஷப் ரோஜர்தான் ஹென்றி காலத்திலிருந்து கணக்கு வழக்கு முழுவதையும் கட்டி ஆண்டவர். 1139 ஜூனில் அவரையும் அவர் குடும்பத்து பிஷப்புகளையும் ஸ்டீபன் கைது செய்து கோட்டைகளைப் பிடுங்கினார். பணம் இருக்கும் அறையைப் பிடித்தவர், பணம் வந்து சேரும் வழியை அடைத்துக்கொண்டார். கணக்குப்பிள்ளையின் வாதத்தில் இதையும் சேர்க்க வேண்டும்.


புதுவரவு:

மட்டில்டாவுக்குப் பின்னால் என்ன ஆயிற்று? ரெய்னீரா மாதிரியே முடிவா?


வடகரை:

இல்லை தம்பி, இங்கேதான் இரண்டு கதையும் பிரிகிறது.

லண்டனை விட்டு ஓடிய மூன்று மாதத்தில் வின்செஸ்டரிலும் தோல்வி. பின்வாங்குவதைக் காக்க நின்ற அவளுடைய ஒன்றுவிட்ட... மன்னிக்கவும், அப்பாவின் திருமணம் கடந்த உறவில் பிறந்த அண்ணன் ராபர்ட் பிடிபட்டார். அவர் இல்லாமல் அவளுக்குப் படையே இல்லை. ராபர்ட்டை விடுவிக்க ஸ்டீபனை விட வேண்டியதாயிற்று. போட்ட கோலம் அழிந்து மறுபடி புள்ளியிலிருந்து.

1142 கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டு கோட்டையில் அவளை ஸ்டீபன் மூன்று மாதம் முற்றுகையிட்டார். உள்ளே தானியம் தீர்ந்துவிட்டது. டிசம்பர், எங்கும் பனி. ஒரு இரவு மூன்று நான்கு வீரர்களோடு, எல்லோரும் பனியோடு பனியாகத் தெரிய வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு, காவலர்களுக்கு நடுவே வெளியேறினாள். தேம்ஸ் உறைந்து கிடந்தது, அதன் மேலேயே நடந்தாள். அபிங்டன் வரை நடை, அங்கிருந்து குதிரையில் வாலிங்ஃபோர்டு. அவளுக்கு அப்போது 40 வயது. இந்த மாதிரி ஒரு இரவு எந்தக் கற்பனைக் கதைக்கும் கிடைக்காது.


நள்ளிரவு வாசகி:

எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு இடம் அதற்கு முன்னால், 1139இல். அவள் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியது ஆரண்டல் கோட்டையில். கதவைத் திறந்து உள்ளே விட்டவள் அடெலிசா, அவள் சித்தி. ஹென்றி ஆண் வாரிசுக்காக 1121இல் இரண்டாவதாகக் கட்டிய மனைவி. வெஸ்டெரோஸில் சித்தி அலிசென்ட் கதவை அடைத்தாள், அவளுக்கு மகன்கள் இருந்தார்கள். அடெலிசாவுக்கு ஹென்றி மூலம் குழந்தை இல்லை. அந்த ஒரு வித்தியாசத்தில் சித்தியும் மகளும் எதிரிகளாகாமல் போனார்கள். கதையை எழுதியவர் நிஜத்தில் எடுத்துக்கொண்டதைவிட, மாற்றியதில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை.


கணக்குப்பிள்ளை:

வாசகி, அடெலிசாவை நான் கவனித்ததே இல்லை. நன்றி.

நானும் ஒன்று சொல்கிறேன். 1147இல் மட்டில்டாவின் மகன் ஹென்றி, 14 வயதுப் பையன், அம்மாவுக்கு உதவ யாரையும் கேட்காமல் ஒரு சிறு கூலிப்படையோடு இங்கிலாந்தில் வந்து இறங்கிவிட்டான். சம்பளம் கொடுக்கக் காசில்லை. அம்மாவிடம் கேட்டான், அவளிடமும் இல்லை. மாமா ராபர்ட்டிடம் கேட்டான், அவர் கொடுக்கவில்லை. கடைசியில் யாரை எதிர்க்க வந்தானோ அதே ஸ்டீபனிடம் ஆள் அனுப்பிக் கேட்டான். ஸ்டீபன் கொடுத்தார்! படைக்குச் சம்பளம் தீர்த்துப் பையனை ஊருக்கு அனுப்பி வைத்தார். அந்தப் பையன்தான் பிறகு இரண்டாம் ஹென்றி.

ஸ்டீபன் தன் மகன் யூஸ்டஸுக்குத் தான் உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டப் பார்த்தார், வாசகி சொன்ன அதே பிரெஞ்சு வழி. ஆர்ச்பிஷப் தியோபால்டு மறுத்துவிட்டார். 1153 ஆகஸ்ட்டில் யூஸ்டஸ் இறந்தான். அந்த வருடக் கடைசியில் ஒப்பந்தம், ஸ்டீபன் சாகும்வரை ராஜா, பிறகு மட்டில்டாவின் மகன். 1154 அக்டோபரில் ஸ்டீபன் இறந்தபோது ஹென்றி கடலுக்கு அப்பால்தான் இருந்தான். வந்து சேர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரமும் யாரும் கஜானாவைத் தொடவில்லை. என் வாதத்துக்கு இது எதிராகத்தான் போகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். 18 வருடம் பட்ட பிறகு சாவியைப் பிடுங்க யாருக்கும் தெம்பு இல்லை.


நள்ளிரவு வாசகி:

அதோடு அப்போது வந்தவன் ஆண்.

ரெய்னீராவின் மகனும் இப்படித்தான் ராஜா ஆனான், 131இல். ஆனால் அவள் அதைப் பார்க்கவில்லை. கிங்ஸ் லேண்டிங்கை விட்டு ஓடி, டஸ்கண்டேல் என்ற துறைமுக ஊரில் கப்பல் கூலிக்குத் தன் கிரீடத்தையே விற்று, டிராகன்ஸ்டோன் போய்த் தம்பியின் டிராகன் வாயில் முடிந்தாள். மட்டில்டா 1148இல் நார்மண்டிக்குத் திரும்பி, ரூவானில் 1167 வரை இருந்தாள். மகன் கடலுக்கு இந்தப் பக்கம் ஆண்டபோது அந்தப் பக்கம் நார்மண்டியில் அவன் சார்பில் வழக்குகளைத் தீர்த்தாள். பின்னாளில் அவனோடு பெரிதாக மோதிய தாமஸ் பெக்கெட்டை ஆர்ச்பிஷப் ஆக்காதே என்று அவள் சொல்லியும் மகன் கேட்கவில்லை என்கிறார்கள்.


பழைய நாணயம்:

கேட்டிருக்கலாம்.

1158இல் ஹென்றி பழைய காசு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி உருக்கிப் புதுக் காசு அடித்தான். மறுபடி நாடு முழுக்க ஒரே பெயர். அந்தக் காசில் ஒன்று என்னிடம் இருக்கிறது, அடித்தவன் அவசரத்தில் அடித்திருக்கிறான், முகம் பாதிதான் விழுந்திருக்கிறது.


கணக்குப்பிள்ளை:

படம் இருந்தால் போடுங்கள் ஐயா. இன்று இரவு டஸ்கண்டேல் அத்தியாயத்தை மறுபடி எடுத்துப் படிக்கப்போகிறேன். கிரீடத்தை எடை போட்டு விலை சொன்னவன் யார், என்ன கொடுத்தான் என்பதை நான் இதுவரை நின்று கவனித்ததில்லை.